பானம் குடித்தோர் பதிவேடு

கசாயம் காய்ச்சுகிற உத்தியோகத்தை அழகன் கேட்டு வாங்கவில்லை. றொசல்லைக்கு மேலே பெல்விக் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் இருபத்தாறு வருசம் நின்றவன். ஒரு நாள் இரும்புத் தட்டு விழுந்து காலில் இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று. நசுங்கின காலால் மாடிப்படி ஏற முடியாது என்பதைத் தோட்டத்துக் காரியாலயம் மூன்று மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்தது. பிறகு, காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்து மூலையில் புதிதாய்ப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு அவனை மாற்றியது. உள்ளே ஓர் அண்டா, ஒரு விறகடுப்பு, ஆள் உயரத்துக்கு ஓர் அகப்பை. வெளியே மூன்று மொழியில் போர்டு: 'சுகவாழ்வு மையம்'. போர்டுக்கு இரண்டு தரம் பெயின்ட் அடித்திருந்தார்கள். கூரையில் மட்டும் ஓட்டை.

சுகவாழ்வு எப்படி வந்தது என்று கேட்டால், அது கொழும்பிலிருந்து வந்தது. வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவர்கள் கம்பெனிக்குக் கடிதம் போட்டிருந்தார்களாம்: உங்கள் தொழிலாளர்கள் சுகமாக இருக்கிறார்களா? இதென்னடா வம்பு என்று கம்பெனி கூடி யோசித்தது. ஆட்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை மாற்றலாம் என்றார் ஒருவர். கக்கூஸ் கட்டலாம் என்றார் இன்னொருவர். தண்ணீர்க் குழாய் இழுக்கலாம் என்று ஓர் இளவட்டம் சொல்லப்போய், அவருக்கு வேறு பிரிவுக்கு மாற்றலாயிற்று. எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும். கசாயம் காய்ச்ச இரண்டு மணி நேரம் போதும்.

ஆக, 'சுகவாழ்வுப் பானம்' பிறந்தது. மஞ்சள், இஞ்சி, வெள்ளைப்பூண்டு, கறுவா, வல்லாரை எல்லாவற்றையும் வற்றக் காய்ச்சித் தூளாக்கி, சீனாவிலிருந்து வந்த ஏதோ ஓர் இலைத்தூளையும் சேர்த்துப் பையில் அடைத்து அனுப்பினார்கள். ஒரு பை ஒரு அண்டாவுக்கு. தேயிலைப் பெட்டியில் ஒட்டுகிற லேபலையும் அழகாய் அச்சடித்துவிட்டார்கள்: 'எங்கள் தொழிலாளர் நூற்றுக்கு நூறு பேரும் தினமும் இதை விரும்பி அருந்துகிறார்கள்.' லேபல் முதலில் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆட்களை விரும்ப வைக்க வேண்டியிருந்தது.

அந்தப் பொறுப்பு நலன்புரி உத்தியோகத்தர் சுதாகரனுக்கு. இருபத்தெட்டு வயது, கழுத்துப்பட்டி, கையை விட்டு இறங்காத போன். தொடக்க விழாவில் அவன் பேசியதை அழகன் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டான்.

"அம்மாமாரே, ஐயாமாரே! இது மருந்து இல்ல. மருந்துன்னா அரசாங்கத்துக்கிட்ட அனுமதி எடுக்கணும். இது சாப்பாடும் இல்ல. சாப்பாடுன்னா ஆய்வுகூடத்துக்கு அனுப்பணும். இது வெறும் பானம்! ஆனா இதுல தீராத வருத்தம் ஒண்ணு இருந்தா சொல்லுங்க பாப்போம். பிரஷர், சீனி, மூட்டு வலி, மனக்கவலை எல்லாம் போயிரும். ரத்தத்தத் தண்ணி மாதிரி ஓட வைக்கும்!"

கை தட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். வரிசையில் நின்ற ராசம்மா மட்டும் தட்டவில்லை. அவள் ரத்தம் ஏற்கெனவே தண்ணீர் மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ராசம்மா அழகனின் பெண்டாட்டி. எட்டு வருசத்துக்கு முன்னால் கண்டியில் நெஞ்சைப் பிளந்து இதயத்தில் ஒரு வால்வு வைத்தார்கள். கடிகாரம் போல டிக் டிக்கென்று அது சத்தம் போடும். லயத்தில் அவர்கள் குடியிருந்த காம்பராவில் ரேடியோவை நிறுத்தினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கும். "ஏ கடியாரக்காரி, மணி எத்தன?" என்று அழகன் சீண்டுவான். "ஒங்களுக்கு வேல வெட்டி இல்லாத மணி," என்பாள் அவள். அந்த வால்வில் ரத்தம் கட்டியாகி ஒட்டிவிடக் கூடாது என்று வோபரின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ரோஸ் நிறத்தில் ஒன்று, பிரவுனில் ஒன்று. கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். இரண்டுக்கும் நடுவில் நூல் பிடித்த மாதிரிப் போக வேண்டும். மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் ரத்தம் எடுத்து ஒரு நம்பர் சொல்லுவார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் அந்த நம்பர் இருந்தால் அன்றைக்கு இருவரும் டவுனில் வடை வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறுவார்கள். எட்டு வருசத்தில் நிறைய வடை தின்றிருந்தார்கள்.

இனி பானம் குடிக்கிற முறையைச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிப்பதற்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பிளாஸ்டிக் கப். ராசம்மாவுக்கு இருநூற்றுப் பதினாலு. கப்பை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். சுதாகரன் போனில் படம் எடுப்பான். குடிக்க வேண்டும். குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சொட்டு விழுந்தால் இன்னொரு அரைக் கப். அதன் பிறகு 'பானம் குடித்தோர் பதிவேடு' என்ற தடிப்புத்தகத்தில் கையெழுத்து. அதைப் பார்த்துத்தான் கணக்கப்பிள்ளை அன்றைய பேர் போடுவார். குடிக்காதவருக்குப் பேர் இல்லை. பேர் விழாத ஆள் மலையேறிக் கூடை நிறையக் கொழுந்து பறித்தாலும் அன்றைக்கு வேலைக்கு வராத ஆள்தான்.

முதல் ஒன்றரை மாதத்தில் ராசம்மாவுக்குப் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. இடுப்பில் கூடை உரசுகிற இடத்தில் நாவல்பழ நிறத்தில் கன்றிப் போனது. "எங்கயாச்சும் இடிச்சிக்கிட்டிருப்பேன்," என்றாள். கிளினிக்கில் நம்பர் நாலே முக்காலுக்கு ஏறியிருந்தது.

டொக்டருக்கு முன்னால் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். கீரை வோபரினின் வேகத்தைக் குறைக்குமாம். அவர் சிங்களத்தில் கேட்டார்: கீரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாயா? ராசம்மா இல்லையென்றாள். வேறு மருந்து ஏதும் எடுக்கிறாயா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. "மருந்து இல்லீங்க, தோட்டத்துல பானம் குடுக்கிறாங்க," என்றாள். மொழிபெயர்த்த உதவியாள் பாதியைச் சொன்னாள். டொக்டர் 'மருந்து இல்லை' என்று எழுதினார். மாத்திரையைக் குறைத்தார்: ரோஸ் போய் நீலம் வந்தது. எல்லாமாக முக்கால் நிமிசம்.

மருந்து கொடுக்கிற ஜன்னலில் யூஜினா என்ற பிள்ளை இருந்தாள். வட்டவளைப் பக்கத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவள். கிளினிக் கொப்பியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"எட்டு வருசமா ஒரே டோஸ். இப்ப ஏங்க்கா கொறைஞ்சிருக்கு? புதுசா என்ன குடிக்கிறீங்க?"

அழகன் பானத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒப்பித்தான். காய்ச்சுகிறவனாச்சே.

"ஐயோ! கொழம்புக்குப் போடுற மஞ்சள் பூண்டுன்னா பரவால்ல அண்ணே. இது வத்தக் காச்சின தூளு. அந்த எலைத்தூள் வேற. அதெல்லாம் வோபரினோட சேந்தா ரத்தம் நிக்காது. அக்காவுக்கு ஒரு சொட்டு குடுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, நிப்பாட்டினாலும் எங்ககிட்ட வந்து சொல்லணும். அதுக்கேத்த மாதிரி மாத்திரைய மாத்தணும். ஏத்தி எறக்கி வெளையாடக் கூடாது."

ஒரு துண்டில் அதை அப்படியே எழுதியும் கொடுத்தாள். சுதாகரன் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சீல் எங்க?"

"அந்தப் புள்ளகிட்ட சீல் இல்லீங்களாம் சார்."

"சீல் இல்லாத கடுதாசி வெறும் காயிதம் அழகன். நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு துண்டக் கொண்டாந்து நீட்டினா லேபல்ல நூறு எப்படி நிக்கும்?"

சரி, சீல்தானே, வாங்கிவிடலாம் என்று அழகன் கிளம்பினான். பாவம்.

கிளினிக் டொக்டரிடம் போனான். "கசாயம் எங்க இலாகா இல்லை. நாங்கள் இங்கிலீஷ் மருந்து. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது," என்று அவர் சிங்களத்தில் சொல்லி, ஆயுர்வேத இலாகாக் கந்தோருக்குப் போகச் சொன்னார்.

ஆயுர்வேதக் கந்தோரில் வெள்ளை உடுப்போடு ஒரு பெரியவர் இருந்தார். நாற்காலி கொடுத்தார், மல்லித் தண்ணீரும் கொடுத்தார். விசயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "நம்ம மூலிகைக்குப் பக்கவிளைவே கெடையாது. அது மூவாயிரம் வருசத்து உண்மை. பக்கவிளைவு இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டா நாளைக்கு இந்தக் கந்தோரப் பூட்டணும். ஒங்க சம்சாரத்துக்கு ஒத்துக்கலன்னா குத்தம் அந்த இங்கிலீஷ் மாத்திரையில. அத நிப்பாட்டச் சொல்லுங்க." அத்தோடு கம்பெனித் தூள் மருந்தாகப் பதியப்படவில்லை என்றும், ஆகவே அதைப் பற்றித் தாம் பேசியது பேசாததாகவே கருதப்பட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

சாப்பிடுகிற சாமானுக்குப் பொறுப்பான சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கேட்டார். "பூச்சி இருந்திச்சா? புழு? பூஞ்சணம்? ஒண்ணுமில்லையா? நல்லா இருக்கிற சாமானுக்கு நான் எப்படி கேஸ் போடுறது? பொண்டாட்டிக்குக் குடிக்கப் பிடிக்கலன்னா அது குடும்பப் பிரச்சின."

கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தான். ஜோர்ஜ் டொக்டரையா முப்பத்தொரு வருசம் அங்கே பனடோல் கொடுத்தவர். உண்மையில் டொக்டர் இல்லை. ஆனால் தோட்டத்துக்கு அவர்தான் டொக்டர். கதவைச் சாத்திவிட்டு மெல்லப் பேசினார்.

"அந்தப் புள்ள சொன்னது சரிதான்டா. எனக்குத் தெரியுமான்னு கேட்டா, தெரியும். எழுத முடியுமான்னு கேட்டா, முடியாது. பென்சனுக்கு இன்னும் பதினாலு மாசம் கெடக்கு. வேணும்னா விலக்கு படிவம் ஒண்ணு இருக்கு, போட்டுப் பாரு."

'சுகவாழ்வுப் பானம் – விலக்குக் கோரும் விண்ணப்பம்' மூன்று பிரதியில் நிரப்ப வேண்டியது. காரணம் என்ற இடத்தில் மூன்றே பெட்டிகள்: ஓய்வு, பதவி விலகல், இறப்பு. பொருத்தமான ஒன்றுக்குச் சரி போடவும். அழகன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். பொருத்தமானதை ராசம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

இத்தனை கந்தோரும் ஏறி இறங்கிய பிறகுதான் அவனுக்கு மூளை வேலை செய்தது. அட, அண்டா யார் கையில் இருக்கிறது? அகப்பை யார் கையில் இருக்கிறது?

மறுநாளிலிருந்து மேசைக்கு அடியில் ஒரு கேத்தலில் வெறும் தேத்தண்ணி வைத்தான். நிறம் சேர ஒரு சிட்டிகை சமையல் மஞ்சள். இருநூற்றுப் பதினாலாம் கப் வரும்போது குனிந்து எழும்பினால் வேலை முடிந்தது. ராசம்மா கப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்து, படத்துக்குச் சிரித்து, குடித்து, கவிழ்த்துக் காட்டுவாள். "இன்னைக்கு ஒங்க கசாயத்துல சீனி பத்தல," என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனாள். எமகாதகி!

ஈறில் ரத்தம் நின்றது. கன்றின இடமெல்லாம் ஆறியது. கிளினிக்கில் மட்டும் நம்பர் ஒன்றரைக்கு இறங்கியிருந்தது. இப்போது கீரை கூடிப்போனதா என்று டொக்டர் கேட்டார். நிறுத்தினால் வந்து சொல்ல வேண்டும் என்று யூஜினா சொன்னது நினைவிருந்ததால் அழகன் ஜன்னலுக்குப் போனான். அங்கே வேறோர் ஆள் இருந்தார். யூஜினாவை மொனராகலைப் பக்கம் மாற்றிவிட்டார்களாம். டொக்டரிடமே சொல்லலாமென்று வாயெடுத்தான். கம்பெனிப் பானத்தை ஏமாற்றித் தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று அரசாங்கக் கொப்பியில் ஏறினால், அது ஏதாவது ஒரு வழியில் தோட்டத்துக்கு வந்துவிடுமே என்று பயம். வாயை மூடிக்கொண்டான். அந்த வாயை இன்றைக்கும் அவன் திட்டிக்கொண்டிருக்கிறான்.

டொக்டர் மாத்திரையைக் கூட்டினார். ரோஸ் ஒன்று, பிரவுன் இரண்டு. பழைய அளவை விட ஒன்று அதிகம். பழைய ரோஸ் திரும்பி வந்ததே என்று இருவரும் வடை தின்றார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தினமும் போகிற படங்களை அங்கே ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்ததாம். மனிதர்களின் முகம் அதற்குத் தெரியாது. கப்பின் நிறம் தெரியும். இருநூற்றுப் பதினாலாம் கப் நாற்பத்தொரு நாளாக மற்றக் கப்களை விட நூற்றுக்கு ஆறு வீதம் வெளுத்திருக்கிறது, விளக்கம் தேவை.

விசாரணை வைத்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் அந்தக் கப்பை வைத்து, தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை, பெரிய கிளாக்கர், சுதாகரன் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அழகனும் ராசம்மாவும் நின்றார்கள்.

"நோக்கம் என்ன?" என்றார் சின்னத்துரை.

"அவ உசுரு தொரை. வேற நோக்கம் இல்லீங்க. வோபரின் குடிக்கிறா. இத ரெண்டயும் சேத்தா ரத்தம் நிக்காதுன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது? எழுத்துல இருக்கா?"

"இருக்குங்க. சீல்தான் இல்ல."

சுதாகரன் எழுந்தான். அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "அழகன், எனக்குக் கவல ஒங்க சம்சாரத்தப் பத்தி இல்ல. நம்ம நம்பிக்கையப் பத்தி. எங்கயோ ஒரு வெள்ளக்காரம்மா அந்த லேபல நம்பி ஒரு கப் தேத்தண்ணி குடிக்கிறாங்க. அவங்க என்ன துரோகம் செஞ்சாங்க ஒங்களுக்கு? நூறு பேர்ல ஒருத்தர் குடிக்கலன்னா மிச்சம் தொண்ணூத்தொம்பது பேரும் குடிச்சது பொய்யாப் போகுதே!"

தீர்ப்பு இரக்கமானது என்று அவர்களே சொன்னார்கள். அழகனுக்கு எச்சரிக்கைக் கடிதம்; இன்னொரு தடவையென்றால் வேலை இல்லை. ராசம்மா விடுபட்ட நாற்பத்தொரு கப்பையும் குடித்துத் தீர்க்க வேண்டும். தினம் இரண்டு கப்பாகக் குடித்தால் நாற்பத்தொரு நாளில் பதிவேடு நேராகிவிடும். இனிமேல் அவளுக்குச் சுதாகரன் கையாலேயே ஊற்றுவான்.

காம்பராவுக்கு வந்ததும் அழகன் கத்தினான். "நீ நாளைக்கு பெரட்டுக்குப் போகாத. பேரு போடாட்டிப் போகுது. ஒன்னய வச்சிக் கஞ்சி ஊத்த எனக்குத் தெரியும்."

"நான் போகாட்டி நீங்க சொல்லித்தான் போகலன்னு ஒங்க வேலையையும் புடுங்குவாங்க. தோட்டத்துல ரெண்டு பேருக்கும் வேல இல்லாட்டி இந்தக் காம்பராவ விட்டு வெளிய போகச் சொல்லுவான். எங்க போறது? ஸ்டேசன்ல படுக்கிறதா?" அவள் அடுப்பை ஊதிக்கொண்டே பேசினாள். "நாப்பத்தொரு நாளுதான. நடுவுல கிளினிக் வருது. ஈறுல ரத்தம் வந்தா அன்னைக்கே போயிருவோம். மொகத்தத் தூக்கி வச்சிக்கிடாதீங்க."

அதற்குப் பிறகு காலையில் அழகன் காய்ச்சியதைத்தான் அவள் இரண்டு கப் குடித்தாள். எந்தப் பையை எப்படிக் கொட்டினாலும், எவ்வளவு தண்ணீர் கலந்தாலும், கம்ப்யூட்டர் நிறம் பார்க்கும். தன் கையால் விறகு வைத்து, தன் கையால் கிண்டி, அவள் குடிக்கிறதை நின்று பார்த்தான். வேறொருவனாக இருந்தால் அண்டாவை எட்டி உதைத்திருப்பான். அழகனுக்கு அந்தத் தைரியம் வரவில்லை. காலும் அப்படி.

ஈறில் ரத்தம் வரவில்லை. பதினோராம் நாள், பத்தாம் நம்பர் மலையில், தலை வலிக்கிறது என்று சொல்லி ராசம்மா கூடையை இறக்கி வைத்தாள். தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். பக்கத்து நிரையில் நின்ற பிரேமினி ஓடிப் போய்ப் பிடிப்பதற்குள் ஒரு பக்கத்துக் கண் மூடிவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். லொறி முதலில் ஸ்டோருக்குப் போய்க் கொழுந்தை இறக்கியது. கொழுந்து சூடேறினால் கெட்டுவிடும் என்பது சட்டம்.

பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்தார்கள். இந்த மெசின் காட்டுகிற எல்லைக்கு மேலே போய்விட்டது, நம்பர் வரவில்லை என்றார்கள். கண்டிக்கு அனுப்பினார்கள். தலைக்குள் கசிந்த ரத்தம் நிற்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வார்டில் யாரும் பேசாமல் இருந்தபோது அழகனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிக், டிக். காதை அவள் நெஞ்சுக்குக் கிட்டக் கொண்டு போனான். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசிவரைக்கும் அந்த வால்வு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

செத்தவீட்டுக்குச் சுதாகரன் வந்தான். கூடவே படிவமும் வந்தது. இப்போது சரி போடப் பெட்டி இருந்தது. விலக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

கம்பெனி விசாரிக்காமலும் விடவில்லை. நாலு பக்க அறிக்கை. பானம் மருந்தாகப் பதியப்படாததால் காலஞ்சென்றவர் குடித்தது மருந்து அல்ல. உணவாகப் பரிசோதிக்கப்படாததால் அது உணவும் அல்ல. மருந்தும் உணவும் அல்லாத ஒன்று உடம்பில் வேலை செய்ததாகக் கொள்ள முகாந்திரம் இல்லை. ஆகவே, 'ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரையைத் தவிர அவர் வேறு எதையும் உட்கொள்ளவில்லை.' அடியில் ஜோர்ஜ் டொக்டரையாவின் கையெழுத்து. கையெழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் இருந்தது.

ராசம்மாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் பானத்தின் முதலாம் ஆண்டு விழா. பானத்துக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை; ஆனால் கம்பெனியின் கணக்கு வருசம் முடிந்துவிட்டது. கொழும்பிலிருந்து கம்பெனித் தலைவர் வருகிறார் என்று பெரட்டுக்களத்துக்கு மணல் கொட்டினார்கள், வாழைமரம் கட்டினார்கள். கொட்டகைக் கூரை ஓட்டையைக்கூட அடைத்தார்கள். ராசம்மாவுக்கு 'ஆண்டின் சுகவாழ்வுத் தொழிலாளி' என்ற சான்றிதழ். ஒரே நாளில் இரண்டு கப் குடித்த ஒரே ஆள் தோட்டத்தில் அவள்தான் என்று கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்துவிட்டது. உயிரோடு இருக்கிறாளா என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு மாற்றுவது சிரமம் என்பதால், கணவர் பெற்றுக்கொள்வார் என்று முடிவாயிற்று.

விழாவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, தலைவரோடு வந்த கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். கையில் பளபளவென்று ஒரு பித்தளை டம்ளர்.

"நீங்கதானே காய்ச்சுறவர்? தலைவருக்கு இதுல ஊத்துங்க. ஆனா பானம் வேணாம். வெறும் டீ போதும்."

அழகன் அகப்பையை நிறுத்தினான். "ஏங்க?"

"ஐயாவுக்குப் போன வருசம் ஹார்ட்ல சின்ன ஒப்பரேசன். ரத்தம் கட்டியாகாம இருக்க மாத்திரை போடுறாரு. இந்த மூலிகை ஐட்டம் எல்லாம் கிட்டயே வரக்கூடாதுன்னு அவருடைய டொக்டர் சொல்லியிருக்காரு."

"கடுதாசி இருக்குங்களா?"

"என்ன கடுதாசி?"

"சீல் போட்ட கடுதாசிங்க. விலக்குப் படிவம். மூணு பிரதி."

தம்பி சிரித்துவிட்டார். நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. "அதெல்லாம் எதுக்கு? குடிக்கக் கூடாதுன்னா குடிக்கக் கூடாது, அவ்வளவுதானே. நிறம் மட்டும் பானம் மாதிரியே இருக்கட்டும், படத்துல வரும்."

அந்தப் பக்குவம் அழகனுக்குத் தெரியும். நாற்பத்தொரு நாள் பழகின கை. மேசைக்கு அடியிலிருந்து கேத்தலை எடுத்தான். அண்டாப் பக்கத்து அகப்பை படாமல் வேறு கரண்டியைத் தேடி எடுத்தான். டம்ளரை ஒரு தடவை கழுவினான். பழக்கத்தில் கசாயத் துணியால் துடைத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. சுடுதண்ணீர் ஊற்றி மறுபடி கழுவினான், மூன்றாம் தடவையும் கழுவினான். அந்தப் பெரிய மனிதனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். நெஞ்சில் காது வைத்துக் கேட்பாள். ஒரு சொட்டுக்கூடப் பட்டுவிடக் கூடாது. தேத்தண்ணியை ஊற்றி, மஞ்சளை நகக்கண் அளவு போட்டுக் கலக்கினான். கலக்கும்போதுதான் அழுகை வந்தது. ராசம்மா செத்த அன்றைக்குக்கூட அப்படி வரவில்லை.

மேடையில் தலைவர் டம்ளரை நெஞ்சுக்கு நேரே பிடித்தார். படங்கள் எடுத்தார்கள். அவர் பேசியதைச் சுதாகரன் தமிழில் சொன்னான்:

"எங்கள் தொழிலாளர் குடிப்பதைத்தான் நானும் குடிக்கிறேன். அவர்களுக்கு ஆகாதது எனக்கும் ஆகாது. எனக்கு நல்லது அவர்களுக்கும் நல்லது."

குடித்தார். கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. பலத்த கைதட்டல்.

அழகன் மேடையேறிச் சான்றிதழை வாங்கினான். கூடவே ரிப்பன் கட்டிய ஒரு பெட்டி. உள்ளே மூன்று மாதத்துக்குப் போதுமான சுகவாழ்வுப் பானத் தூள். தலைவர் கை குலுக்கி, மனைவிக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

பிறகு பதிவேடு. வெல்வெட் விரித்த மேசையில் புதுப் பக்கம். முதல் வரியில் தலைவரின் பெயர், 'குடித்தார்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், காய்ச்சியவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வழக்கமாக 'நன்று' என்று போடுவான். சுதாகரன் பேனாவை நீட்டினான். அழகன் குனிந்தான். அஞ்சாம் வகுப்பு எழுத்து, மெல்லத்தான் வரும். நேரமெடுத்து எழுதினான்.

"எழுதிட்டீங்களா? கட்டம் நிறைஞ்சிருக்குல்ல?" என்று சுதாகரன் பொறுமையில்லாமல் கேட்டான்.

"நெறைஞ்சிருக்குங்க சார். இத்தன நாள்ல இதுதாங்க சரியா எழுதினது."

"வெரி குட்," என்று சுதாகரன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அப்போதே கொழும்புக்கு அனுப்பினான். கம்ப்யூட்டர் நிறம் பார்த்துச் சரியென்றது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தோட்டத்துக் காரியாலயச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதற்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 'குடித்தார்' என்ற கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், கோணல் மாணலாய், ஆனால் தெளிவாய் இருக்கிறது:

'வெறும் தேத்தண்ணி. ரத்த மருந்து எடுப்பவர். கடுதாசி கேக்கல.'

மறுநாள் காலையில் அழகன் வழக்கம்போல வந்து அடுப்பைப் பற்ற வைத்தான். வரிசையில் இருநூற்றுப் பதினாலாம் கப்போடு ஒரு புது ஆள் நின்றாள், கீழே பணிய லயத்தில் இருக்கிற பெற்றீசியாவின் மருமகள். அழகன் அகப்பையை அண்டாவுக்குள் விடாமல் கையில் பிடித்துக்கொண்டு அவளிடம் மெல்லக் கேட்டான்:

"நீ ஏதும் மாத்திரை போடுறியா தாயி?"